பிளெக்ஸ் அடிச்சாச்சால மக்கா?

நோட்டீஸ இங்க கொண்டா, பாப்போம். கண்ணாடிய எங்க வச்சேன்... ஆங், நெத்தியிலதான் இருக்கு. ‘கோடைக்காலச் செயல்வழிக் கற்றல் பெருவிழா’. ஏயப்பா! பேரே வயசான பனை ஒசரத்துக்கு நிக்கே. கீழ எட்டுப் படம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், ரெண்டு இணைச்செயலாளர், பொருளாளர், புரவலர், சட்ட ஆலோசகர். பிள்ளைங்க நுங்கு வண்டி செய்யுததுக்குச் சட்ட ஆலோசகர் எதுக்குல? வண்டி மோதிருச்சுன்னா கேசு நடத்தவா? எட்டும் மீசை வச்ச மூஞ்சி. யாருக்காகப் பெருவிழாவோ அந்தப் பிள்ளை மூஞ்சி ஒண்ணுகூட காணும்.

கோவிச்சுக்கிடாத பேராண்டி. உக்காரு. கட்டில்ல வேண்டாம், கயிறு இத்துப்போச்சு, திண்ணையில உக்காரு. ஒம்பதாவதா என் படத்தையும் போடணும், கௌரவத் தலைவரா இருக்கணும்னு கேக்க. போடு, எனக்கென்ன. ஆலோசனையும் கேட்டியே, அதத் தாராளமாச் சொல்லுதேன். பல்லு போன வாய்க்கு இப்ப அது ஒண்ணுதான் தீனி.

முதல் சோலியா பிளெக்ஸு அடிச்சிரு. பிள்ளைங்க வராட்டாலும் விழா நடந்துரும், பிளெக்ஸு இல்லாம நடக்குமா? இருபதடிக்குக் குறையாம அடி. விழா முடிஞ்சதும் உங்க ஆச்சிக்குப் பனங்கிழங்கு காயப்போட ஆவும். உங்க மன்றத்து ரத்ததான முகாம் பிளெக்ஸு இன்னும் எங்க ஆட்டுக்கொட்டகையில கூரையாக் கிடக்கு. ஆடு ரெண்டும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் அசை போடுது. ரத்தம் குடுத்தவன் படம் அதுலயும் இல்ல.

அடுத்தது தெர்மாகோல். அது இல்லாம அறிவியலே இல்லைன்னு ஆயிப்போச்சு. கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல கண்காட்சி. எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்காத. என் பேத்தி எரிமலை செஞ்சா. அதாவது, அவ அம்மா செஞ்சா. அதாவது, கடையில செஞ்சு வச்சிருந்தத அவ அப்பன் வாங்கிட்டு வந்தான். நான் கிட்டப் போயி, ‘மக்ளே, இது எப்படி வெடிக்கு?’ன்னு கேட்டேன். ‘தொடாதீங்க தாத்தா, பெயிண்டு ஒட்டிரும்’னா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்ச அறிவியல். அன்னைக்கு அந்தக் கூடத்துல மொத்தம் ஏழு எரிமலை. குதிரைமொழித் தேரிய விட்டா ஏறி நிக்க ஒரு மேடு கிடையாது நம்ம பக்கத்துல. இங்க ஏழு எரிமலை! முதல் பரிசு எதுக்குன்னு நினைக்க? இருக்கதுலயே ஒசரமான எரிமலைக்கு. அந்த அப்பனுக்குத்தான் கப்ப குடுத்திருக்கணும். பாவம், அவன் பஸ்ஸுல மடியில வச்சே கொண்டு வந்தான்.

நீயும் அதையே செய்யப் போற. நோட்டீஸுல போட்டிருக்கே, ‘சிறந்த மாதிரிக்குச் சுழற்கோப்பை’ன்னு. சுழற்கோப்பை சுழலும். பிள்ளை எங்க சுழலும்?

நான் எட்டு வயசுல நுங்கு வண்டி செஞ்சேன். நுங்கு தோண்டித் தின்ன காய் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ளுததுக்கு ஒரு கவட்டைக் கம்பு. செலவு கிடையாது. செஞ்சு தள்ளுதேன், வண்டி நேரா ஓடமாட்டேங்கு. வலது பக்கமா வளைஞ்சு வளைஞ்சு வேலியில போயி முட்டுது. தள்ளிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், கடைசியில அழுது பாத்தேன். எங்க அப்பா பனையில இருந்து இறங்கி வந்து முத்தத்துல அருவா தீட்டிக்கிட்டு இருந்தாரு. தீட்டுதத நிறுத்தாமலே, ‘ரெண்டு காயையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தியால?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. வச்சுப் பாத்தேன். வலது பக்கத்துக் காய் ஒரு விரக்கடை சிறுசு. ஒரு சுத்துக்குப் பெரிய காய் கூடுதல் தூரம் போவுது, சின்னது கொறச்சலா போவுது, வண்டி சின்னது பக்கம் திரும்புது. யாரும் சொல்லித் தரல, ஆனா அன்னைக்குப் பிடிச்சது இன்னைக்கு வரைக்கும் மறக்கல. அடுத்த நாளு வேணும்னே பெருசும் சிறுசுமா மாட்டி, தெரு மொனையில தானாத் திரும்புத வண்டி ஒண்ணு செஞ்சேன். ஊரே பாத்துச்சு. மூணாம் நாளு காய் வத்திக் கோணிப்போச்சு. அதுவும் ஒரு பாடந்தான்.

எங்க அப்பா நெனைச்சிருந்தா அருவாளால ஒரு செத்துச் செத்தி அளவாக்கிக் குடுத்திருப்பாரு. ஒரு நிமிசத்து வேலை. அவரு செய்யல. பாசம் இல்லாம இல்ல. இன்னும் பன்னெண்டு பனை பாக்கி இருந்துச்சு, சோலி இருந்துச்சு. இப்ப இருக்க அப்பன்மாருக்குச் சோலி கொறஞ்சு போச்சு, அதான் பிள்ளைக்குச் சேத்துச் செஞ்சு குடுக்காவ.

இது ஏதோ பனங்காட்டுக் கிழவன் ஒளறுதான்னு நினைக்காத. அமெரிக்காவுல இருக்கானே உங்க பெரிய அத்தான், அவன் மவன் ஒரு சங்கத்துல இருக்கானாம். ‘ஃபோர் எச்’னு பேரு. தலை, நெஞ்சு, கை, ஆரோக்கியம். நாலும் அவிய பாசையில ஒரே எழுத்துல தொடங்குமாம். 1902-ல ஓஹையோ மாகாணத்துல ஆல்பர்ட் கிரகாம்னு ஒரு பள்ளிக்கூடத்து ஆளு கிராமத்துப் பிள்ளைங்களச் சேத்து ஆரம்பிச்சது அதுக்கு வேரு. பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கம், பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தக்காளிச் சங்கம்னு அப்ப ஊரு ஊராப் பரவுச்சு. வெதைய நீ போடு, நீ வளத்து, நீயே கணக்கு எழுதுன்னு பிள்ளை கையிலயே விட்டுட்டாவ. இதுல எனக்குப் புடிச்சது எது தெரியுமா? புதுவெதை, புதுமுறைன்னு அதிகாரிங்க போயிச் சொன்னா வயசான சம்சாரிங்க காதுலயே வாங்கலையாம். மவன் வயல்ல அப்பன் வயல விட அதிகமா வெளையுததப் பாத்த பொறவுதான் அப்பன் மெதுவா வந்து, ‘ஏல, எந்த வெதை போட்ட?’ன்னு கேட்டானாம். ஆக, பிள்ளைய வச்சு அப்பனுக்குப் பாடம் எடுத்திருக்கான் வெள்ளைக்காரன். நீங்க அப்பன வச்சுப் பிள்ளைக்கு எரிமலை எடுக்குதிய.

அம்புட்டுத் தூரம் எதுக்குப் போவணும்? மத்தியப் பிரதேசத்துல ஹோசங்காபாத்னு அப்பப் பேரு இருந்த ஒரு ஊரு. 1972-ல அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு பாத்துப் படிக்குத அறிவியல் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாவ. 1978-ல அங்க போனவரு அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில படிச்ச என்ஜினியரு, லாரிக் கம்பெனியில வேலை. லீவு போட்டுட்டுப் போயி வாரச்சந்தையில என்ன கிடைக்குன்னு சுத்துனவருக்கு ஆப்பட்டது என்ன? சைக்கிள் வால்டியூப். அதத் துண்டு துண்டா நறுக்கி ரெண்டு பக்கமும் தீக்குச்சியச் சொருகுனாரு. அம்புட்டுத்தான் சாமான். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாவ.

நீ சிரிக்க. செஞ்சு பாத்திருக்கியா? மூணு குச்சிய மாட்டு, முக்கோணம். அமுக்கிப் பாரு, அசையாது. நாலு குச்சிய மாட்டு, கட்டம். தொட்டாலே சாயும். கட்டத்துக்குக் குறுக்க ஒரு குச்சி குடு, நிக்கும். அத விளையாடுன பிள்ளை பதனி காச்சுத நம்ம ஊரு விடிலிக்குள்ள போயி அண்ணாந்து பாத்தா, மோட்டுக்குக் கீழ ஏன் குறுக்குக்கம்பு குடுத்திருக்குன்னு அதுக்கே வெளங்கும். தீக்குச்சி கோவில்பட்டியில இருந்து வருது, வால்டியூப் பஜார்ல சைக்கிள் கடையில கிடைக்கும். ஆனா ஒரு குறை இருக்கு. தீக்குச்சிய வச்சுப் படம் எடுத்தா பேப்பர்ல பெருசாத் தெரியாது. உனக்கு ஆவாது.

விடிலின்னதும் நெனவு வருது. பிள்ளைங்கள எங்கயோ சுற்றுலா கூட்டிட்டுப் போறதா போட்டிருக்கியே, அறிவியல் பூங்காவுக்கு, ஏசி பஸ்ஸுல. போயிட்டு வாங்க. வாரதுக்குள்ள பதனி சீசன் முடிஞ்சிரும், நல்லது. இல்லாட்டா அந்தப் பிள்ளைங்க உங்க ஆச்சி பதனி காச்சுததப் பாத்துத் தொலைச்சிருக்கும், நீ பதில் தெரியாம முழிச்சிருப்ப.

பெரிய சட்டியில பதனி பொங்கிப் பொங்கி வரும். பொங்கி அடுப்புல விழுந்தா காலையில பனை ஏறுன பாடெல்லாம் சாம்பல். ஆச்சி என்ன பண்ணுவா? நாலு ஆமணக்கு முத்த நசுக்கி உள்ள போடுவா. நொரை அப்படியே அமந்துரும், சத்தங்கூட போடாது. நான் கல்யாணம் ஆன புதுசுல, ‘இது என்ன மந்திரம்?’னு கேட்டேன். ‘மந்திரமும் இல்ல மாயமும் இல்ல, எண்ணெப்பசை’ன்னா. நொரைன்னா என்ன? காத்த உள்ள வச்சு மேல போர்த்துன தண்ணித் தோலு. எண்ணெ பட்டா அந்தத் தோலு கிழியுது. இத நான் பொறவு புஸ்தகத்துல படிச்சேன். அவ மூணாம் வகுப்போட நின்னவ, கையில வச்சிருந்தா. சோப்புத் தண்ணியக் கலக்கி நொரையாக்கி ரெண்டு டம்ளர்ல ஊத்து, ஒண்ணுல ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெ விடச் சொல்லு. சோப்பு நொரை பதனி நொரை மாதிரி அடங்குதா, அடம் புடிக்குதா? எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். பிள்ளைங்க செஞ்சு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்.

பொறவு பதம். கெட்டியாகிக் கூப்பனி ஆனதும் ஒரு சொட்டத் தண்ணியில விட்டு உருட்டிப் பாப்பா. கரைஞ்சா இன்னும் வேணும், உருண்டு நின்னா இறக்கணும். செத்த பிந்துனா கருகும், செத்த முந்துனா சிரட்டையில ஊத்துனது நாலு நாள்ல கசியும். சுமாரா எட்டு லிட்டர் பதனி வத்தி ஒரு கிலோ கருப்பட்டி ஆகுது. மிச்ச ஏழு லிட்டரு எங்க போச்சுன்னு ஒரு ஆறாங்கிளாஸ் பையனக் கேட்டுப் பாரு. ‘ஆவியாதல்’னு பரீச்சையில எழுதி ரெண்டு மார்க்கு வாங்கினவன்தான், விடிலிக்குள்ள கண்ணு எரிய நிக்கும்போது மேல பாத்து, ‘அட, அங்க போவுது!’ம்பான். நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்தப்ப நீங்க வெடி போட்டியளே, அந்தக் குறியீட்ட வாங்கித் தந்தது இந்தச் சிரட்டையும் அடுப்பும் ஆமணக்கு முத்தும். நோட்டீஸுல அதுக்கு எங்கயாவது இடம் இருக்கான்னு பாத்தேன். புரவலர் படத்துக்கு மேல கொஞ்சம் இடம் கிடக்கு.

இன்னொண்ணு. கலயத்துல சுண்ணாம்பு தடவுதது எதுக்குன்னு பிள்ளைங்களக் கேளு. பாதி, ‘வெள்ளையா இருக்கதுக்கு’ங்கும். மஞ்சத்தூளக் கரைச்சுத் தாள்ல தடவிக் காயவச்சு, அதச் சுண்ணாம்புத் தண்ணியில முக்கு: செவந்துரும். அதே தாள எலுமிச்சஞ்சாத்துல முக்கு: மஞ்சளாவே நிக்கும். செம்பருத்திப்பூவ வெந்நியில போட்டு எடுத்த தண்ணின்னா இன்னும் விசேசம், புளிப்புக்குச் செவப்பு, சுண்ணாம்புக்குப் பச்சை. அதுல இருந்து பதனிக்கு வா. சுண்ணாம்பு போட்டா புளிக்காது, இனிப்பா நிக்கும். போடலைன்னா மரத்துலயே பொங்க ஆரம்பிச்சிரும். கண்ணுக்குத் தெரியாத உயிரு சீனியத் தின்னுட்டுச் சாராயமாக்கி வைக்கு. ரெண்டு கலயம் கட்டி, ஒண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு, ஒண்ணுக்குப் போடாம விட்டா இத விட நல்ல பரிசோதனை உலகத்துல கிடையாது. ஆனா அத மட்டும் செஞ்சிராத. 1987 சனவரி ஒண்ணுல இருந்து கள்ளுக்குத் தடை. போலீசு வந்தா ‘செயல்வழிக் கற்றல்’னு சொன்னா நம்புவானா? அதுவும் போக, ரெண்டாவது கலயத்து முடிவ ஆராய உங்க மன்றத்து நிர்வாகிங்க எட்டு பேரும் முன்னால வந்து நிப்பாவ. பிள்ளைங்களுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. சப்பாத்தி மாவையும் ஈஸ்டையும் வச்சுக் காட்டு, போதும்.

என்ன சொல்லுத? ‘அப்ப எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம பிள்ளைங்களுக்குப் பனைத்தொழிலையே சொல்லிக் குடுத்துருவோம் தாத்தா’வா? நில்லு. இங்கதான் நான் சிரிப்ப நிறுத்துவேன்.

1953-ல எனக்கு ஏழு வயசு. ராஜாஜி முதலமைச்சரு. கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திட்டம் வந்துச்சு: நாளைக்கு மூணு மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழிலப் பழகு. கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்ல? கையால செஞ்சு கத்துக்கிடுதது. உன் நோட்டீஸுல இருக்க அதே வார்த்தை. குலக்கல்வின்னு பேரு வச்சுப் பெரியாரும் மத்தவங்களும் எதுத்து நின்னாவ. 1954 ஏப்ரல்ல காமராசரு வந்தாரு, அடுத்த மாசமே அந்தத் திட்டம் போச்சு. போகாம இருந்திருந்தா எனக்கு மத்தியானப் பாடம் என்ன தெரியுமா? பனையேறியோட கடிப்பும் தளைநாரும். வக்கீல் மவனுக்கு மத்தியானப் பாடம் அவங்க அப்பா அலமாரி. ரெண்டும் கைவேலைதான். ஒண்ணு கையில காப்புக் காய்க்கும், ஒண்ணு காய்க்காது.

காந்தி 1937-ல வார்தாவுல சொன்னதும் கைத்தொழில் வழிக் கல்விதான். ஆனா அவரு எல்லாப் பிள்ளையும் நூக்கணும்னாரு. இவிய அவனவன் மவன் அவனவன் வேலையச் செய்யணும்னாவ. ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் உடன்குடிக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம். அதனால உனக்கு ஒரு கணக்கு சொல்லுதேன். உங்க மன்றத்துல பனை ஏறுதவன் பேரன் கையில பாளை அருவாளக் குடுக்காத, அவன் அத வீட்டுலயே பாத்துட்டான். அவன் கையில பத்தவைக்குத கம்பியையும் மின்சுற்றையும் குடு. கடைக்காரர் வீட்டுப் பையன், டாக்டர் வீட்டுப் பிள்ளை, பைபாஸ்ல வீடு கட்டியிருக்க சார்வாள் வீட்டுச் செல்லம், அவங்கள ஓலை கிழிக்கச் சொல்லு, கொட்டான் முடையச் சொல்லு. ஈர்க்கு குத்தி விரல்ல ரத்தம் வரட்டும். அவங்க அம்மா சண்டைக்கு வருவா. அப்ப அந்தச் சட்ட ஆலோசகர முன்னால நிறுத்து. அவருக்கும் ஒரு சோலி ஆச்சு.

மரத்துல யாரையும் ஏத்தாத. ஏறாமலே பனை ஒசரம் கண்டுபிடிக்கலாம். ஒரு கம்ப நட்டு அதோட நிழல அள, பனையோட நிழலையும் அள, வகுத்துப் பாரு. எங்க அப்பா தினம் முப்பது பனை ஏறி இறங்குனாரு. நிழல அளக்க அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. குடுத்திருந்தா ராத்திரி காலு வலிக்கும்போது எம்புட்டு ஒசரம் ஏறியிருக்கோம்னு கூட்டிப் பாத்திருப்பாரு.

சரி, பெரிய பிள்ளைங்களுக்கு வருவோம். ஒம்பது, பத்து, பதினொண்ணு படிக்கவங்க. அவங்களுக்குத் தலைப்பு என்ன போட்டிருக்க? ‘உலக வெப்பமயமாதல்’. ஏல, உலகத்தக் காப்பாத்துததுக்கு முந்தி உன் வீட்டுக் கெணத்து ருசி என்னன்னு தெரியுமா? தமிழ்நாடு அறிவியல் இயக்கம்னு 1980-ல ஆரம்பிச்சாவ. ‘துளிர்’னு பிள்ளைங்களுக்கு மாசப் பத்திரிகை 1987-ல இருந்து வருது, அந்தப் பேருல ஊரு ஊரா துளிர் இல்லம் நடத்துனாவ. வாத்தியாரு, பேங்குல வேலை பாக்கவரு, தபால்காரரு, சாயங்காலம் வந்து திண்ணையில உக்காந்து பிள்ளைங்களோட பேசுவாவ. படம் போட்ட நோட்டீஸு நான் பாக்கல. 1993-ல இருந்து தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கு. பத்து வயசுல இருந்து பதினேழு வரைக்கும் சேரலாம். அதுல எனக்குப் புடிச்ச சட்டம், பிள்ளைங்க தன் ஊருல உள்ள ஒரு பிரச்சினைய எடுத்து, தானே அளந்து, தன் பாசையிலயே சொல்லணும். மாதிரி செஞ்சு மேசையில வைக்குத சோலி இல்ல.

நம்ம ஊருக்கு இருக்க பிரச்சினைக்குப் பஞ்சமா? கடலு ரெண்டு மூணு மைல்ல கிடக்கு. நெலத்துக்கு அடியில உப்புத்தண்ணி ஏறி ஏறி வருது. எங்க சின்ன வயசுல சக்கரையா இருந்த கெணறு இப்ப வாயில வைக்க முடியல. தாமிரவருணித் தண்ணி சடையநேரிக் கால்வாய் வழியா வந்து குளம் பெருகுனா கொஞ்சம் இளகுது, வராட்டா பழையபடி. இது எல்லாருக்கும் தெரியும். எம்புட்டு உப்பு, எந்தத் தெருவுல, எந்த மாசத்துலன்னு கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. ‘ரொம்ப உப்பு’ம்பான், அம்புட்டுத்தான் அளவு.

இதுக்கு என்ன வேணும்? ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு சட்டி, கிராம் காட்டுத சின்னத் தராசு. ஒவ்வொரு கெணத்துலயும் ஒரு லிட்டர் எடு. ஆச்சி பதனி காச்சுத மாதிரி வத்தக் காய்ச்சு. அடியில நிக்கதச் சொரண்டி நிறு. கடல் தண்ணியில லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் நிக்கும். அத ஒரு பக்கம் எழுதிக்கிட்டா நம்ம கெணறு கடலுக்கு எத்தனை படி தள்ளி நிக்குன்னு பிள்ளைக்கே தெரியும். தெருத்தெருவாப் படம் வரைஞ்சு கெணத்துக்கு ஒரு புள்ளி. கால்வாய்ல தண்ணி வருததுக்கு முந்தி ஒருக்கா, வந்த பொறவு ஒருக்கா. ரெண்டு வருசம் விடாமச் செஞ்சா, கலெக்டர் மேசையில வைக்கத்தக்க ஒரு தாளு பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. கெணத்துக்குக் கெணறு போகணும்னா வீட்டுக்கு வீடு போகணும். அந்தத் தெரு, இந்தத் தெரு, பள்ளிவாசல் தெரு, சர்ச்சு தெரு, எல்லா வீட்டு நடையிலயும் ஏறணும். ‘பாட்டி, ஒங்க கெணத்துத் தண்ணி ஒரு லிட்டர் குடுங்க’ன்னு பிள்ளை கேட்டா எவளும் எந்தத் தெருப்பிள்ளைன்னு கேக்கமாட்டா. நீ கேட்டா நன்கொடைன்னு நினைச்சுக் கதவச் சாத்துவா.

ஆனா ரெண்டு வருசம் ஆகும். நிர்வாகிகள் தேர்தலு வருசத்துக்கு ஒருக்கா, இல்லையா? அப்ப சரிவராது, விடு.

ராக்கெட்டு விடணும்னு ஒரு பையன் கேட்டானாமே, நீ வேண்டாம்னுட்ட. ஏன்? நம்மளத் தவிர வேற எவனுக்கு அந்த உரிமை இருக்கு? குலசேகரன்பட்டினத்துல, அதான் நம்ம குலசையில, 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டுனாவளே, அது இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம். ஏன் நம்ம பக்கம் வந்தாவன்னு உங்க மன்றத்துல யாருக்காவது தெரியுமா? நிலம் போனவன் கதை தெரியும், விலை ஏறுன கதை தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்கே விடணும்னா நடுவுல இலங்கை கிடக்கு. அது மேல பறக்கக்கூடாதுன்னு வளைச்சுத் திருப்பிக் கொண்டு போறாவ. வளைச்சா எரிபொருள் வீண். பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும், ஐநூறு கிலோ தூக்குத சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. குலசையில இருந்து தெக்கே பாத்தா வெறுங்கடலு, நேரா விடலாம். இத ஒரு உலக உருண்டையும் ஒரு நூலும் வச்சுப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும். பொறவு கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, வாயில வால்வு வச்ச இறுக்கமான கார்க்கு, சைக்கிள் பம்பு. தேரிக்குக் கூட்டிட்டுப் போ, அங்க மோத ஒண்ணும் கிடையாது. பாட்டிலுக்கு நேர யாரும் குனியாம, தள்ளி நின்னு அடிக்கச் சொல்லு. தண்ணி கீழ பீச்சி அடிக்கும், பாட்டில் மேல போகும். தண்ணியில்லாம வெறுங்காத்துல ஒருக்கா விடு, பாட்டில் முழுக்கத் தண்ணி வச்சு ஒருக்கா விடு. எது ஒசரம்? ஏன்? வாயத் தொறக்காத. பையன் மணல்ல உக்காந்து தலையச் சொரியட்டும். அந்தச் சொரிச்சலுக்குத்தான் நீ ஊருகூட்டி விழா எடுக்க.

முதல் பத்து பாட்டில் போகாது. கார்க்கு பிச்சுக்கிட்டு எல்லார் மேலயும் தண்ணி அடிக்கும். அன்னைக்குப் பாத்து பேப்பர்காரன வரச்சொல்லிராத.

அரசாங்கத்துலயும் 2022 நவம்பர்ல ‘வானவில் மன்றம்’னு ஆறுல இருந்து எட்டு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குச் சாமான் பெட்டியோட ஆள அனுப்ப ஆரம்பிச்சிருக்காவ. நல்ல காரியம். அந்தப் பெட்டிய ஒரு நாளைக்குத் திண்ணைக்கு வரச்சொல்லிக் கேட்டுப் பாரு. வராட்டா சிரட்டையும் தீக்குச்சியும் இருக்கு.

என்ன முழிக்க? கௌரவத் தலைவர் வேற ஆளப் பாப்போமான்னு யோசிக்க, இல்ல? பாக்காத. நான் ஒத்துக்கிட்டேன். படம் வேண்டாம், அந்த இடத்துல ஆச்சியோட சிரட்டையப் போடு. நோட்டீஸு எம்புட்டு அடிச்ச? ஆயிரமா? பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு, நல்லதாப் போச்சு. கெணத்துக் கணக்கு எழுத ஆவும். இந்தா, பென்சிலு. கோடு போடு. தெரு, வீட்டுக்காரர் பேரு, தேதி, எம்புட்டு ஆழம், எம்புட்டு உப்பு. அஞ்சு கட்டம். இல்ல, ஆறு போடு: யாரு எடுத்தா. அதுல பிள்ளை பேரு வரணும்.

முதல் கெணறு என் கெணறுதான். வாளி தொழுவுல கிடக்கு. ஏன் நிக்க? கெணத்துல தண்ணி எறச்சதே இல்லையா? மோட்டாரப் போடவான்னு கேக்க! மோட்டாரு ஓடி ஒரு மாசம் ஆச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டு. கயித்த விடும்போது வாளி கவுந்து விழணும், இல்லாட்டா மெதந்துக்கிட்டே கிடக்கும். எப்படிக் கவுக்கதுன்னா... ம்ஹூம். போ, போயிப் பாரு.